பித்தளைக் கை

ஆகஸ்ட் கடைசி வார இறுதி. இங்கிலாந்தின் லிங்கன் நகரக் கோட்டைக்குள் பரந்த புல்வெளி. உயரமான பட்டுத் தொப்பி, தோல் இடைக்கச்சு, நெற்றியில் ஏற்றிவிட்ட பித்தளை விளிம்புக் கண்ணாடி என்று கூட்டம் நடமாடுகிறது. நீராவி யுகம் முடியாமலே நீடித்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, அதற்கான உடையையும் கருவிகளையும் தாங்களே செய்துகொள்கிறவர்கள். இந்த மாதிரிக் கற்பனைக் கதைகளுக்கு எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் 1987இல் வைத்த ஸ்டீம்பங்க் என்ற பெயரே இந்தக் கூட்டத்துக்கும். 2009இலிருந்து இந்த ஊரில் கூடுகிறது.

பெஞ்சில் ஒரு பெரியவர். முழங்கையிலிருந்து விரல்வரை பித்தளைக் கவசம். கிட்டப் போனால் பாதி பித்தளையே இல்லை, தண்ணீர்க் குழாய் பிளாஸ்டிக். கறுப்பு அடித்துக் காயவைத்து, மேலே தங்க நிறத்தை விரலால் தேய்த்திருக்கிறார். மடிப்புகளில் கறுப்பு தங்கியதால், பல காலம் உழைத்த உலோகம்போலத் தெரிகிறது. மணிக்கட்டில் பழைய கடிகாரத்துப் பல்சக்கரங்கள். எதையும் சுழற்றாத சக்கரத்தை அழகுக்காக ஒட்டலாமா என்பது இவர்களுக்குள் தீராத வழக்கு. இவர் ஒட்டவில்லை, அச்சில் கோத்திருக்கிறார். சிறுவன் ஒருவன் வந்து நிற்க, சாவி கொடுக்கிறார். ஒன்று சுழன்று அடுத்ததைச் சுழற்ற, ஆள்காட்டி விரல் மெல்ல மடங்குகிறது. பையன் கை தட்டவில்லை. குனிந்து, எந்தப் பல் எதைத் தள்ளுகிறது என்று பார்க்கிறான். இந்தப் பொழுதுபோக்கின் முழுப் பயனும் அந்தக் குனிதலில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அந்தப் பக்கம் தேநீர்ச் சண்டை. எதிரெதிரே இருவர், ஆளுக்கொரு கோப்பை, ஒரு பிஸ்கட். ஐந்து எண்ணும்வரை நனைத்து எடுக்க வேண்டும். கடைசிவரை பொறுத்திருந்து, உடையாமல் சிந்தாமல் வாயில் போடுகிறவருக்கு வெற்றி. இடுப்பில் மின்னல் கக்கும் துப்பாக்கிகள் தொங்குகின்றன; தீர்ப்புச் சொல்வது பிஸ்கட்டின் ஈரம்.

கூட்டத்தில் ஒரு துரைத் தொப்பி. தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செதுக்குகிறார்களே, அந்த நெட்டியில்தான் அந்தக் காலத்தில் இதைச் செய்தார்கள். அதைக் கண்டதும் என் மனம் கொஞ்சம் சுருங்குகிறது. பக்கத்திலேயே மாநிறப் பெண் ஒருத்தி. புடவையை இழுத்துச் செருகி, மேலே கருவிகள் தொங்கும் வார்ப்பட்டை, மார்பில் ஆகாயக் கப்பல் தலைவியின் பதக்கம். நிஜமான 1890இல் அவளுக்கு அந்தப் பதவியை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். பழைய காலத்தின் அழகை எடுத்துக்கொண்டு அதன் அநீதியைத் திருத்தி எழுதும் இந்தக் கற்பனை எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. ஆனால் திருத்துவதற்கு அநீதி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டுமே!

தெரிந்துகொள்ளத் தொலைவு போக வேண்டாம். புல்வெளியை ஒட்டியே 1848இல் திறந்த சிறைச்சாலை. அதன் சிற்றாலயத்தில் கைதிகளுக்குத் தனித்தனி அடைப்புகள். பாதிரியார் மட்டும் கண்ணில் படலாம், பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியக் கூடாது. பெரியவர் பையனோடு அங்கே வருகிறார். குறுகலான அடைப்பு பித்தளைக் கைக்கு இடம் தரவில்லை. வார்களை அவிழ்த்துக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நின்று பார்க்கிறார்.

“எதுக்குத் தாத்தா தடுப்பு?”

“ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாதுன்னு. சின்னப் பசங்களைக்கூட இந்தச் சிறையில வெச்சிருந்தாங்க.”

அவர் மழுப்பவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்று, திரும்பக் கையை மாட்டிக்கொள்கிறார்.

விழாவின் பெயர் அசைலம்; மனநோயாளிகள் காப்பகம் என்று பொருள். கோட்டைக்கு மேற்கே, 1820இல் மனநோயாளிகளுக்காகத் திறந்த மருத்துவமனையின் கட்டடம் இன்னும் நிற்கிறது. விலங்கும் வாரும் போட்டு நோயாளிகளைக் கட்டிவைப்பது எங்கும் வழக்கமாக இருந்த நாளில், ராபர்ட் கார்டினர் ஹில் என்ற இளம் மருத்துவர் 1838இல் அங்கே அதை அடியோடு நிறுத்திக் காட்டினார். லிங்கனுக்குப் போகிறவர்கள் வேடங்களைப் படமெடுத்த கையோடு திரும்பிவிட வேண்டாம். அந்தச் சிற்றாலயத்துக்குள்ளும் நின்றுவிட்டு, இந்தக் கட்டடம்வரை நடந்து வாருங்கள்.