பனிமலைப் பூவும் பிச்சாவரத்துச் சேறும்

கூட வேலை பார்க்கிற டாக்டர் ஒருத்தர் உத்தராகண்ட் மலர்ப் பள்ளத்தாக்குக்கு ட்ரெக்கிங் போய்ட்டு வந்து, டியூட்டி ரூம்ல போட்டோவா காட்டித் தள்ளினார். 4000 மீட்டருக்கு மேல பூக்கிற பிரம்ம கமலம் வரைக்கும். "நம்ம கடலூர்ல வெயிலும் உப்புக்காத்தும் தவிர என்ன இருக்கு?"ன்னு ஒரு கேள்வி வேற. அவருக்குச் சொன்ன பதில்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

உறைபனி ஒரு செடியை எப்படிக் கொல்லுது? ஐஸ் முதல்ல செல்லுக்கு வெளியேதான் உறையும். அது உள்ளே இருக்கிற தண்ணியை வெளியே இழுக்கும். செல் சுருங்கிக் காயும். சுத்திலும் தண்ணி இருந்தும் தாகத்துல சாகிற கதை. உப்பும் அதையேதான் செய்யுது.

நாம ஏத்துற நார்மல் சலைன்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கடல் தண்ணியில சுமார் 35 கிராம். அவ்வளவு உப்பை நம்ம கிட்னியால அடர்த்தியா வெளியேத்த முடியாது. ஒரு டம்ளர் குடிச்சா அதைவிட அதிகத் தண்ணி சிறுநீராப் போயிடும். ஆனா சிதம்பரத்துக்குப் பக்கத்துல, வெள்ளாறும் கொள்ளிடமும் கடல்ல சேர்ற இடத்துக்கு நடுவுல, பிச்சாவரத்து மரங்கள் அந்த உப்புச் சேத்துலயே காலம் தள்ளுது. சுரபுன்னை வேர்லயே உப்பை வடிகட்டிடும். வெண்கண்டல் இலை வழியா உப்பைக் கக்கும், நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும். செல்லுக்குள்ள பீட்டைன்ங்கிற பொருளைச் சேர்த்துத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். மலைச்செடிகள் அதுக்குச் சர்க்கரையைச் சேர்க்குது.

எனக்கு இதைவிடப் பிடிச்சது பிரசவம். சுரபுன்னை விதையைச் சேத்துல போடாது. விதை மரத்துலயே முளைக்கும், பழத்தைத் துளைச்சுக்கிட்டு முருங்கைக்காய் மாதிரி மாசக்கணக்கா தொங்கும். தாய் மரத்தோட திசுக்களைவிட அந்தக் கன்னுல உப்பு கம்மி. அதாவது அம்மா வடிகட்டிதான் ஊட்டுறா. (லேபர் வார்டுல நிக்கிறவனுக்கு நஞ்சுக்கொடி ஞாபகம் வராம இருக்குமா?) அப்புறம் விழுந்து, சேத்துல குத்தி நிக்கும், இல்லேன்னா மிதந்து போய் வேற கரையில வேர் விடும். படகுல போறவங்க அதைக் காய்னு நெனச்சுப் பறிக்கிறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

அவர் சுத்திட்டு வந்த இமயமலையிலயும் இப்படி ஒண்ணு உண்டு, பிஸ்டார்டா விவிபாரா. அங்க கோடை ரொம்பக் குறைச்சல், விதை முத்துறதுக்குள்ள பனி வந்துடும். அதனால பூங்கொத்தோட அடிப்பக்கத்துல பூவுக்குப் பதிலா குட்டிக் குமிழ்கள். சிலது தாய்ச்செடியில இருக்கும்போதே இலை விட்டுடும்.

சிதம்பரத்துக்கே பேர் கொடுத்த தில்லை மரம் இந்த வேலையெல்லாம் செய்யாது. சேத்தோட கரைப்பக்கம் நிக்குது, சாதாரண விதைதான். அதோட பால் கண்ணுல பட்டா உடனே நிறைய நல்ல தண்ணி விட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. தாய்ப்பால் ஊத்தாதீங்க.

இவ்வளவு தயார் பண்ணி அனுப்பின கன்னுக்கும் ஒரு எல்லை உண்டு. முன்னாடி பிச்சாவரத்துல வரிசையா மரம் வெட்டினதுல தரை காய்ஞ்சு பள்ளமாச்சு. அலைத்தண்ணி உள்ளே வந்து தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எதுவும் முளைக்கல. 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவத்துல வாய்க்கால் வெட்டி, தண்ணி வந்து போக வழி பண்ணாங்க. கன்னு நட்டதும் பிடிச்சுக்கிச்சு.

2004 சுனாமிக்கு அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக் கரையில 18 குப்பங்களை ஆராஞ்சு, மரங்கள் இருந்த இடத்துல உயிர்ச்சேதம் குறைவுன்னு எழுதினாங்க. குப்பம் மேட்டுல இருந்ததும் கடலைவிட்டுத் தள்ளி இருந்ததும்தான் காரணம்னு எதிர்வாதமும் வந்துச்சு. ரெண்டையும் படிச்சுட்டு எனக்குத் தோணினது, காடு மட்டும் காப்பாத்தாது, ஆனா காடு இல்லாம இருக்கிறதை எந்தக் குப்பமும் விரும்பாது.

போன வருஷம் கிள்ளைப் பக்கம் மெடிக்கல் கேம்ப் போனப்ப ஒரு திட்டுல பேனரோட வரிசையா கன்னு நட்டிருந்தாங்க. அலைத்தண்ணி ஏறாத திட்டு அது. சமீபத்துல திரும்பப் போனேன். பேனர் இருக்கு. கன்னு எல்லாம் காய்ஞ்ச குச்சியா நிக்குது.