ஐந்து நாளைக்கு யார் பார்ப்பது?

வீட்டில் புழு வளர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "பட்டுப்புழுவா? காசு வருமா?" என்பார்கள். வராது. கறிவேப்பிலையைத் தின்று வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துபோகிற புழு அது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பமொன்றில் மாலைநேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தபோது தொடங்கிய வேலை. ஒருநாள் பிள்ளைகள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொண்டுவந்து, "டீச்சர், காக்கா எச்சம் நகருது" என்றார்கள். எலுமிச்சை அழகியின் இளம்புழு அப்படித்தான் இருக்கும். பறவை எச்சம் என்று நினைத்துக் குருவி கொத்தாமல் போய்விடும். வளர்ந்த பிறகு இலைபோலப் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆரஞ்சுக் கொம்புகளை நீட்டி நாற்றம் விடும். அந்த நாற்றத்தைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு அலமாரியில், கொசுவலைத் துணி கட்டிய ஒரு பெட்டியில், புழுக்கள் இருக்கின்றன.

போன வருடம் ராமநாதபுரம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைச் சந்திக்க எங்கள் ஊரிலிருந்து சிலர் புறப்பட்டோம். போக வர ஐந்து நாள். பெட்டியில் அப்போது 11 புழுக்கள். ஏழு பெரியவை, நான்கு பொடி.

"அஞ்சு நாளைக்கு யாரு பார்ப்பா?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்டது புழுவைப் பற்றி அல்ல, வீட்டைப் பற்றி. ஆனால் எனக்கு முதலில் புழுவுக்கு வழி சொல்வதுதான் சுலபமாக இருந்தது. ஒரு தாள் எடுத்து எழுதினேன்.

காலையில் பெட்டியைத் திறந்து கழிவைக் கொட்ட வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். கடைக் கறிவேப்பிலை ஆகாது, மருந்து அடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டு மரத்தில் பறிக்க வேண்டும். கொத்தைச் செருகும் தண்ணீர்ப் புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு இறங்கிப்போய் மூழ்கும். எறும்பு ஏறாமல் பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் தோலுரிக்கிறது என்று பொருள், தொடக் கூடாது. பெரிய புழு நீராகக் கழிந்துவிட்டு இங்குமங்கும் அலைந்தால் கூட்டுப்புழு ஆகப்போகிறது. ஒரு குச்சியைச் சாய்த்து வைக்க வேண்டும். அது இடுப்பில் ஒற்றை இழையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டால் அதன் பிறகு நமக்கு வேலை இல்லை.

அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதே கையோடு வீட்டுக்கும் எழுதலாமென்று உட்கார்ந்தேன். குடிதண்ணீர் எப்போது வரும், எந்தக் குடத்தை முதலில் வைப்பது, மகளுக்கு எந்தக் கிழமை எந்தச் சீருடை, மாமனாரின் மாத்திரையில் எது சாப்பாட்டுக்கு முன், எது பின், மகளிர் குழுத் தவணை யாரிடம் தர வேண்டும். நான்கு பக்கம் ஆகியும் முடியவில்லை. பத்து வருடமாக இவ்வளவும் என் தலைக்குள் மட்டுமே இருந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் சுற்றிவரும். மீனவர் ஊர்களின் பெருமையாக இதைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் சீட்டு, தலைக்கட்டு என்று கணக்கில் வரும் ஆண்களுக்குத்தான். மீனை விற்கிற பெண்ணுக்கு அதில் பங்கில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவி, ஓலைப் பறியில் போடுகிற இருளர் பெண்ணுக்கும் இல்லை. தண்ணீரில் இவ்வளவு நுணுக்கமாக முறை வைக்கத் தெரிந்த ஊரில், அடுப்படிக்கு மட்டும் முறை கிடையாது. அங்கே எல்லா நாளும் ஒருத்தியின் பாடுதான்.

ஊரைச் சொல்லி என்ன? 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்வதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். செய்கிறவர்களிலும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.

நான் எழுதிக்கொண்டிருந்ததை அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருடம் மீன்கூடை சுமந்தவர். "நீ தாராளமா போயிட்டு வாம்மா. ஆனா அந்தக் காயிதத்துல எங்கியும் என் பேரை எழுதாத" என்றார். முதலில் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால், அவர் சொன்னதைவிட நியாயமான பேச்சை அந்த வாரத்தில் யாரும் பேசவில்லை. ஒரு பெண் வெளியே போனால் அவள் வேலை காணாமல் போவதில்லை. இன்னொரு பெண்ணின் முதுகுக்கு மாறுகிறது. மாமியார், நாத்தனார், மூத்த மகள், அல்லது கூலிக்கு வருகிற யாரோ ஒருத்தி.

புழு வளர்த்த பெண்களில் உலகப்புகழ் பெற்றவர் மரியா சிபில்லா மேரியன். 1647இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தானாகப் பிறக்கின்றன என்று பலரும் நம்பிய காலத்தில், எந்தப் புழு எந்தச் செடியைத் தின்று எந்தப் பூச்சியாகிறது என்று வீட்டிலேயே வளர்த்துப் பார்த்து, 1679இல் படங்களோடு புத்தகம் போட்டார். கணவரைப் பிரிந்து, 1699இல், தம் 52ஆவது வயதில், படங்களை விற்ற காசில் இளைய மகளை அழைத்துக்கொண்டு தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். ஆண் துணை இல்லை. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

கொஞ்சம் மேலே படித்ததும் பெருமை அடங்கியது. சூரினாமில் அவருக்குக் காட்டில் வழி வெட்டியவர்களும் புழுக்களைத் தேடிக் கொண்டுவந்தவர்களும் அடிமைகள். அவர் கப்பலேறிய ஆம்ஸ்டர்டாம், எங்கள் ஊருக்கும் கப்பல் அனுப்பிய ஆம்ஸ்டர்டாம்தான். 1613இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள்; அந்த நூற்றாண்டில் இங்கிருந்தும் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக பட்டாவியாவுக்கு ஏற்றிப்போனார்கள். இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் டச்சுக் கல்லறைகளைப் படம் எடுக்கிறார்கள். ஏற்றிப்போனவர்களுக்குக் கல் இல்லை.

ஆனாலும் மேரியன் ஒன்றை மறைக்காமல் எழுதினார். நம் வீட்டு வாசல்களில் பூக்கிற மயில்கொன்றையின் விதையைத் தின்று அடிமைப் பெண்கள் கருவைக் கலைக்கிறார்கள், பிறக்கிற பிள்ளையும் அடிமையாகக் கூடாது என்பதற்காக, அதை அந்தப் பெண்களே தம்மிடம் சொன்னார்கள் என்று 1705இல் வந்த புத்தகத்தில் பதிவு செய்தார். செடியையும் புழுவையும் வரைய வந்த இடத்தில் அதைக் கேட்கவும் அவருக்குக் காது இருந்தது.

அதனால் நான் தாளின் மேலே என் கணவர் பெயரை எழுதினேன், புழுவுக்கும் வீட்டுக்கும். "வலை பழுது பாக்கிறதவிட இது கஷ்டமா இன்னா?" என்று வாங்கிக்கொண்டார். பொன்னேரிக்குப் பேருந்து, அங்கிருந்து சென்னைக்கு ரயில், ராத்திரி ராமேசுவரம் வண்டி.

மூன்றாம் நாள் கூப்பிட்டார். "ஒண்ணு துன்னல. அப்படியே கெடக்குது. செத்துடுச்சு போல."

"தொட்டீங்களா?"

"இல்ல."

"அப்படியே விடுங்க."

மறுநாள் அது தோலுரித்துவிட்டது. அன்று மாலை நான் சின்னப்பாலத்தில் பாசிப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். 2015இல் சீகாலஜி விருது பெற்ற லட்சுமி மூர்த்தியின் ஊர் அது. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று அவர்களே தங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். எடுப்பதைப் போலவே எடுக்காமல் இருப்பதும் வேலைதான் என்றார் ஒரு அம்மா. பராமரிப்பு என்றால் எந்நேரமும் கை வைத்துக்கொண்டே இருப்பது என்று பெண்களுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். கையை எடுப்பதற்கும் ஒரு நேரம் உண்டு. எனக்கும் அது வீட்டைவிட்டு வந்த பிறகுதான் கொஞ்சம் கைவந்தது. நான்காம் நாள் நான் வீட்டுக்குப் போன் செய்யவே இல்லை.

திரும்பி வந்தபோது ஐந்து கூட்டுப்புழுக்கள், நான்கு பச்சைப் புழுக்கள். பொடியில் ஒன்று செத்திருந்தது. ஒரு பெரிய புழுவை உள்ளிருந்து குளவி தின்றிருந்தது. குளவி எப்போதோ, எங்கள் பெட்டிக்கு வருவதற்கு முன்பே, அதனுள் முட்டையிட்டிருக்கும். யார் பார்த்தாலும் பிழைத்திருக்காது. அதைக் கணவரிடம் சொன்னேன். அவரும் நிம்மதியானார். புழு செத்ததற்கு யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதே ஐந்து நாளில் மகளுக்குச் சளி பிடித்திருந்தது. அதற்கு மட்டும் தெருவில் நான்கு பேர் என்னிடம் வந்து, "நீ இல்லாததாலதான்" என்றார்கள்.

நான்கு பக்கத் தாள் இன்னும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கணவர் அதில் இரண்டு இடத்தில் திருத்தியிருக்கிறார். குடிதண்ணீர் வரும் நேரம் மாறிவிட்டதாம். எனக்கே தெரியாத ஒரு சேதி அவருக்குத் தெரிந்திருந்தது இதுவே முதல்முறை.

சென்ற மாதம் அத்தை என்னை நோட்டோடு உட்கார வைத்தார். நாகப்பட்டினத்தில் அவர் தங்கை இருக்கிறார். பிரசவத்துக்குத் தாய்வீடு போனதைத் தவிர அத்தை எங்கேயும் இராத் தங்கியதில்லை. "நான் ஒரு வாரம் போகப்போறேன். நான் சொல்றதை அப்படியே எழுது. எம் புள்ளை பேரை மேல போடு" என்றார். போட்டேன். ஆறாவது பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.