தாளடிச் சேற்றில் பழைய யந்திரங்கள்

ஐப்பசி பிறந்து, குறுவை அறுத்த வயலில் நிற்கும் தாளைச் சேற்றோடு மடக்கி, வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன்னால் தாளடி நடவை முடித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு காவிரிப் பாசனப் பிரதேசம் முழுவதையும் ஆட்கொள்ளும் அந்தச் சில வாரங்களில், எந்த யந்திரங்கள் மெய்யாகவே நிலத்தில் இறங்கி உழைக்கின்றன என்பதை அறிய விரும்புகிறவர், மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்று நீர் பாயும் கிராமங்களில் ஏதேனும் ஒரு வரப்பின்மேல் ஏறி நின்று பார்க்க வேண்டும். நான் அப்படி நின்றபோது, ஐம்பது குதிரைச் சக்தியும் அதற்கு மேலும் கொண்ட புதிய டிராக்டர்கள் பல, டிரெய்லரோடும் வைக்கோல் கட்டும் யந்திரத்தோடும் சாலையோரத்தில் நிற்க, முழங்கால் வரை புதையும் தாக்குகளில் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு சேறடித்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர்களாகவே இருந்தன. சிவப்பு வர்ணம் வெளுத்து, பானட்டில் ஒட்டுப்போட்ட தழும்புகளோடு, தலைமுறை கைமாறி வந்த அந்த வண்டிகளைப் பழமைப் பற்றினால் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவது பெரும் பிழையாகும். காட்சிக்காக மெருகேற்றப்பட்டவை அல்ல இவை. விடிந்தால் வேலைக்குப் போகிறவை.

இவற்றின் பூர்விகம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம். 1956-இல் அங்கே வெளிவந்த பெர்குசன் 35 என்ற வண்டிக்கு, 1959-இல் பெர்கின்ஸ் கம்பெனியின் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின் பொருத்தப்பட்டது. மறு வருஷமே, அதாவது 1960-இல், சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது; அது செம்பியத்தில் மாஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. பெர்கின்ஸ் என்ஜின்களை உரிமம் பெற்று உருவாக்கிய சிம்சன் கம்பெனியும் அதே செம்பியத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்தில்தான் தஞ்சாவூர் ஜில்லா தீவிர சாகுபடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறையிலிருந்து வந்த குறுகிய கால நெல் ரகங்கள் இருபோகத்தைப் பரவலாக்கின. ஒரு போகத்தின் அறுவடைக்கும் மறு போகத்தின் நடவுக்கும் இடையிலிருந்த அவகாசம் வாரக் கணக்கில் சுருங்கியது. மாட்டு ஏரால் ஈடுகொடுக்க முடியாத அந்த அவசரமே டிராக்டரைத் தஞ்சை வயலுக்குள் அழைத்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் வந்த யந்திரம் இத்தனை காலம் நிலைத்து நின்றதற்குக் காரணம் அதைச் செய்தவர்கள் மட்டும் அல்லர். வாய்க்கால் கரையை ஒட்டி, பனை ஓலையும் தகரமும் கலந்து வேய்ந்த ஒரு கொட்டகையில், எண்ணெய் ஊறிக் கறுத்த மண் தரையின்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த மெக்கானிக் பெரியவரை நான் அங்கே சந்தித்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் அந்த யந்திரத்தின் உட்கூற்றில் அவருக்கு இருந்த ஞானம், நூல் கற்றவர்களையும் வியக்க வைக்கும் தன்மையது.

அன்று காலையில் கொட்டகைக்கு வந்திருந்த வண்டியின் வியாதி, கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் நடுநடுவே தளர்ந்து இறங்கிவிடுகிறது என்பது. டிரைவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் வண்டியின் அடிப்புறத்துத் திருகு ஒன்றைச் சற்றே தளர்த்தி, வழிந்த எண்ணெயை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். அது மோர் போல வெளுத்திருந்தது.

“சார், இந்த வண்டில பேக் ஆக்ஸிலுக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான். ஆக்ஸில் சீல் தேஞ்சா சேத்துத் தண்ணி உள்ள போயிடும். லிஃப்ட் பம்பு அதுக்குள்ளதான் முழுகிக் கெடக்குது. லிஃப்ட் இறங்குதுன்னு பம்பை மாத்துறவன் காசைத்தான் தொலைப்பான், சீலைப் பார்க்கணும்” என்றார்.

கியர்ப் பெட்டி, பின் அச்சு, லிஃப்ட் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் இயங்கும்படி அமைந்திருப்பது இந்த வண்டியின் பெரிய சிக்கனம். சேற்று வயலிலோ அதுவே அதன் பலவீனம். பின் சக்கரத்தைக் கழற்றி, அச்சை உருவி, தேய்ந்துபோன சீலையும் அதனோடு உறவாடிப் பள்ளம் விழுந்திருந்த வளையத்தையும் எடுத்து அவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, புதுச் சீலைப் போட்டால் மட்டும் போதாது, வளையமும் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஒரே போகத்தில் மறுபடி ஒழுகும் என்பது எனக்கே விளங்கியது. எண்ணெய் முழுவதையும் வடித்து, டீசல் ஊற்றி அலசி, வடிகட்டியைப் பிரித்துக் கழுவி, புது எண்ணெய் நிரப்புவது வரை எந்தக் கட்டத்திலும் அவர் அவசரப்படவில்லை. வெளியே நாலு பேர் தங்கள் வண்டியோடு காத்து நின்றார்கள்.

என்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது அவர் முகம் மலர்ந்தது. ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு பாட்டரியின் தயவே வேண்டியதில்லை. டீசலை அழுத்தித் தெளிக்கும் பம்ப் முழுக்க முழுக்க யந்திர விசையால் இயங்குவது. நிறுத்துவதற்கும் ஒரு கம்பியை இழுத்தால் போதும். பாட்டரி செத்த வண்டியை ஆற்றங்கரைச் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டிவிட்டுக் கியரில் விட்டுக் கிளப்பிக்கொண்டு போகும் டிரைவர்களை நானும் பார்த்தேன். அந்தப் பம்பின் உள்ளே சுழலும் பாகங்களுக்கு டீசலேதான் மசகும் ஆகையால், அதில் தண்ணீர் கலந்தால் பம்ப் கெட்டுப்போகும். மழைக்காலத்தில் வாசலில் வைத்த டிரம்மின் அடியில் நீர் தங்கும். எனவே டிரம்மைச் சாய்த்து வைத்து மேலாப்பில் மட்டும் டீசல் எடுக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொரு டிரைவருக்கும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். டாங்கி வற்றிக் காற்றுப் புகுந்துவிட்டால் ‘ஏர் எடுப்பது’ எப்படி என்பதையும், எந்தத் திருகை முதலில் தளர்த்துவது, கைப்பம்பை எதுவரை அடிப்பது, குமிழி நின்றபின் எந்த வரிசையில் இறுக்குவது என்று, வண்டிக்குப் புதிதாக வந்த ஒரு பையனின் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். இவ்வளவும் ஒரு ஸ்பானரைக் கொண்டு வயல் நடுவிலேயே செய்துகொள்ளக் கூடியவை என்பதை நினைக்கும்போது, யந்திரம் எளியவனின் கைக்கு எட்டும்படி அமைவது எத்தகைய உபகாரம் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

பெரியவரின் கொட்டகைக்கு எதிரே ஒரு லேத் பட்டறை. கிடைக்காத பாகத்தைக் கடைந்து தருவது, தேய்ந்த முள்ளுத் தண்டில் வெல்டிங் ஏற்றி மறுபடி அளவுக்குக் கொண்டுவருவது, லிஃப்ட் கைகளின் ஓட்டைகளுக்குப் புஷ் அடித்துத் தருவது ஆகியவை அங்கே நடக்கின்றன. என்ஜினில் லைனரை மாற்றலாம். கிராங்கைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைத்துக் கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போடலாம். முப்பது ‘தௌ’, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு, வரை குறைத்தபின் அந்தக் கிராங்கின் ஆயுள் முடிந்தது. பழுதுபார்த்துத் திரும்பத் திரும்ப வாழவைக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அந்தக் காலத்து என்ஜினீயர்கள் இந்த என்ஜினை வரைந்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தை இங்கே நிறைவேற்றுகிறவர் இந்த லேத் தொழிலாளி. அவருடைய இரண்டு பிள்ளைகளும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பழகுவதற்கென்று வேறு யாரும் வரவில்லை. இந்த வண்டிகளின் எதிர்காலத்தைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டென்றால் அது உதிரிப் பாகத்தைப் பற்றியது அன்று. இந்த லேத்தின் முன்னால் அடுத்து யார் நிற்கப் போகிறார் என்பதைப் பற்றியதே.

பிற்பகலில் பெரியவரும் நானும் வயலுக்குப் போனோம். கேஜ் வீலோடு தார்ச் சாலையில் ஓடினால் சாலை கெடும், சட்டமும் அனுமதிக்காது. ஆகையால் இரும்புச் சக்கரங்களை டிரெய்லரில் ஏற்றிவந்து வரப்படியில் பூட்டினார்கள். பக்கத்துத் தாக்கில் முந்தைய நாள் ஒரு கனத்த வண்டி இறங்கிப் புதைந்து, அதை இழுத்துவிட வேறொரு வண்டி வரவேண்டியிருந்ததாம். வருஷக் கணக்கில் சேறடித்ததால் உழவுச் சேற்றின் அடியில் இறுகியிருக்கும் மண் படைதான் வயலில் நீரைத் தாங்கி நிறுத்துகிறது. அந்தப் படையின்மேல் நின்று வேலை செய்யும் யந்திரமே நஞ்சைக்கு ஏற்றது. அதை உடைத்துக்கொண்டு இறங்கும் யந்திரம், எத்தனை வலிமை உடையதாயினும், நிலத்துக்குத் தீங்கு செய்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் தம் வயலைக் காட்டி, “கனம் கொறச்சலா இருக்கறதுதான் இதுக்குப் பலம்” என்று சொன்னதற்கு இதுவே ஆதாரம்.

இந்த வண்டியின் முதுகில் கலப்பை மூன்று புள்ளிகளில் மாட்டப்படுவதற்குப் பின்னால் ஒரு மனிதனின் சிரத்தை இருக்கிறது. அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் 1884-இல் பிறந்த ஹாரி பெர்குசன், முதல் உலக யுத்த காலத்தில் டிராக்டர்களின் வேலையை மேற்பார்வை செய்யும் பொறுப்பை ஏற்றிருந்தார். அந்தக் காலத்து வண்டிகள் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்பவை. கலப்பை பாறையில் சிக்கினால் வண்டியின் முன்புறம் கிளம்பி, பின்னால் கவிழ்ந்து, ஓட்டுகிறவனை நசுக்கிவிடும். கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க் என்ற ஒரு கை, இவற்றால் கலப்பையை வண்டியோடு ஓர் உடம்பாக இணைத்து, மண்ணின் எதிர்ப்பு அதிகமானால் அந்த மேல் கை முன்னோக்கி அழுந்த, அந்த அழுத்தமே லிஃப்டைத் தூண்டிக் கலப்பையைச் சற்று உயர்த்தும்படி அவர் அமைத்தார். 1933-இல் அவர் செய்த கறுப்பு வண்டியில் உருக்கொண்ட இந்தத் தத்துவம் இன்றைய டிராக்டர்களிலும் இருக்கிறது. கோடை உழவில் கட்டாந்தரையில் இதன் அருமை நன்கு தெரியும் என்றார் டிரைவர். எந்தப் புத்தகமும் படிக்காமல், டாப் லிங்கைத் திருகி நீட்டிக் குறைப்பதிலேயே கொழுவின் சாய்வை அவர் நிர்ணயித்துக்கொள்கிறார்.

அந்த டிரைவரைப் பற்றிச் சொல்லாமல் யந்திரத்தைப் புகழ்வது நியாயம் ஆகாது. ஸ்டீயரிங் இலகுவாகத் திரும்பும் வசதி இல்லாத வண்டி அது. சேற்றில் திருப்பும்போது தோள்பட்டை முழுவதும் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்து வண்டியைச் சுழற்ற வேண்டும். சாலைக்கு வந்ததும் இரண்டு மிதிகளையும் கொக்கியால் பிணைக்க மறந்தால் ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்த்துவிடும். இருக்கையின் அதிர்ச்சி இடுப்பில் இறங்கி, இரவில் படுக்க முடியவில்லை என்றார். வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் எதுவும் அவர் தலைக்குமேல் இல்லை. 1959-லேயே ஸ்வீடனில் புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள் என்பதையும், அதன் பின்னர் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது என்பதையும் நான் சொந்தக்காரரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, தென்னந்தோப்புக்குள் போகும்போது மட்டையில் இடிக்குமே என்றார்.

“அண்ணே, இடிச்சா மடக்கி வெச்சுக்கற மாதிரி வருதாம். எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க” என்று டிரைவர் பெரியவரைப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி, மட்கார்டுல மாட்டினா அது நிக்காது. ஆக்ஸில் ஹவுசிங்ல போல்ட் போட்டுப் புடிக்கணும். பெல்ட்டும் கட்டணும், இல்லாட்டி வண்டி சாயறப்ப நீ வெளிய விழுந்து அதுக்கே அடியில போவே” என்றார் பெரியவர். பட்டறையில் தோராயமாக வளைத்துச் செய்வதைவிட, பரீட்சை செய்து முத்திரை பெற்ற சட்டமாக வாங்கிப் பொருத்துவதே உத்தமம் என்று நான் வற்புறுத்தினேன். விலை, அது வந்து சேரும் நாள், எந்த போல்ட் எந்த ஓட்டைக்குப் பொருந்தும் என்றெல்லாம் மூவரும் வரப்பிலேயே நின்று பேசினார்கள். கடைசித் தாக்குக்குப் பரம்படித்து நடவு முடிந்த மறு வாரம் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவருவதென்றும், அதே சமயத்தில் மறு பக்கத்து ஆக்ஸில் சீலையும் பார்த்துவிடுவதென்றும் தீர்மானமாயிற்று.