லென்ஸுக்குக் கோளாறா, குணமா?

பணி ஓய்வுக்குப் பிறகு கேமரா தூக்கிய என் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மிரர்லெஸ் கேமராவை அணைத்துவிட்டு ஆட்டினால் லென்ஸுக்குள் கடகடவென்கிறதே, உள்ளே ஏதாவது கழன்றுவிட்டதா?"

பெரும்பாலும் ஒன்றும் கழன்றிருக்காது. பழைய ஃபிலிம் கேமராவில் வளையத்தைத் திருப்பினால் திருகுமரையில் கண்ணாடி நகரும். கைக்கும் கண்ணாடிக்கும் நேரடி உறவு. மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் அந்த உறவு இல்லை. வளையம் விண்ணப்பம் மட்டும் கொடுக்கும்; கண்ணாடியை நகர்த்துவது மோட்டார். மின்சாரம் இருக்கும்வரை மோட்டார் கண்ணாடியைப் பிடித்து வைத்திருக்கும். அணைத்ததும் பிடி விட்டுப்போகும், கண்ணாடி லேசாக ஆடும். கேமராவைப் போட்டதும் சத்தம் நின்றுவிட்டால் அது கோளாறு அல்ல, குணம்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் சில குணங்கள்: அணைத்த கேமராவில் ஃபோக்கஸ் வளையம் சும்மா சுற்றும். கையால் வைத்த ஃபோக்கஸ், அணைத்துப் போட்டால் மாறியிருக்கும். வெயிலுக்கும் நிழலுக்கும் கேமராவைத் திருப்பும்போது அபர்ச்சர் இதழ்கள் மெல்லக் கிட்டுக்கிட்டென்று ஒலிக்கும். முக்காலியில் வைத்த பிறகும் படம் மிதப்பதுபோலத் தெரிந்தால், ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துப் பாருங்கள்.

ஆனால் சென்ற ஜூன் மாதம் என் லென்ஸ் காட்டியது குணமல்ல. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அபர்ச்சர் எண் மறைந்து இரண்டு கோடுகள் தெரியும். ஃபோக்கஸ் அப்படியே உறைந்துவிடும். கழற்றி மாட்டினால் பத்து நிமிடம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை. ஒரு பழுதுபார்ப்புக் கடையில் காட்டினேன். ஆட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். ஓய்வூதியக்காரனுக்கு ஒன்பதாயிரம் சிறிய தொகையில்லை.

பணத்தைவிடப் பெரிய கவலை ஜூலை 14. அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவகத்தில் மலர்வளையம் வைக்க நம் சொல்தாக்கள் பதக்கங்களோடு வருவார்கள். ஆண்டுக்காண்டு வரிசை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொருவரையும் தனியாக ஒரு படம் எடுத்து வீட்டுக்குக் கொடுப்பது என் வழக்கம். முந்தைய ஆண்டு எடுத்த ஒருவரின் படம் இன்று அவர் வீட்டுக் கூடத்தில் மாலையோடு இருக்கிறது. அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய வேலையல்ல இது.

பிரெஞ்சுப் பள்ளியில் தத்துவ வகுப்பில் தெகார்த் படித்தவன் நான். 1637-இல் அவர் வெளியிட்ட 'முறையைப் பற்றிய உரை'யில் நான்கு விதிகள் வரும். தெளிவாகத் தெரியாததை ஏற்காதே, சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி, எளியதிலிருந்து தொடங்கு, எதுவும் விடுபடாமல் எண்ணிச் சரிபார். அந்த உரையோடு சேர்த்து அவர் அச்சிட்ட கட்டுரைகளில் ஒன்று ஒளிவிலகலையும் லென்ஸையும் பற்றியது! லென்ஸ் தகராறுக்கு அவரைத் துணைக்கு அழைப்பதில் தவறில்லை.

முதலில் சிக்கலைப் பிரித்தேன். கோளாறு கேமராவிலா, லென்ஸிலா, இரண்டும் சேரும் இடத்திலா? என் கேமராவில் வேறொரு லென்ஸை மாட்டினேன். ஒரு மணி நேரம் ஓடியது, தொல்லையில்லை. தெருமுனை ஸ்டூடியோ தம்பியிடம் அதே வகைக் கேமரா இருந்தது. "தாராளமா மாட்டிப் பாருங்க ஐயா" என்றார். அதிலும் என் லென்ஸ் இரண்டு கோடுகளைக் காட்டியது. கேமரா நிரபராதி.

அடுத்த கேள்வி: எப்போது வருகிறது? ஜூம் வளையம் குறிப்பிட்ட ஓரிடத்துக்கு வரும்போதெல்லாம் அறுந்தால், உள்ளே மடங்கி விரியும் மெல்லிய பட்டைக் கம்பியைச் சந்தேகிக்கலாம். அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. எனக்கோ ஜூமுக்கும் கோளாறுக்கும் தொடர்பே இல்லை. லென்ஸ் மாட்டிய இடத்தில் லேசாக அசைத்தால்தான் வந்தது.

லென்ஸின் அடியில் வரிசையாகத் தங்க முலாம் பூசிய புள்ளிகள் இருக்கும். கேமரா மின்சாரம் கொடுப்பதும், உத்தரவு அனுப்புவதும், பதில் வாங்குவதும் அவற்றின் வழியாகத்தான். அலுவலகத்தில் தபால் பிரிவு மாதிரி. அது படுத்தால் அதிகாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் கோப்பு நகராது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு புள்ளிகள் மங்கிக் கிடந்தன. கடற்கரை உப்புக்காற்றும் விரல் பிசுக்கும் சேர்ந்த படலம்.

கேமராவை அணைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, லென்ஸைக் கழற்றி, கண்ணாடி துடைக்கும் மெல்லிய உலர்ந்த துணியால் அந்தப் புள்ளிகளை அழுத்தாமல் ஏழெட்டு முறை துடைத்தேன். துணியில் கருப்புக் கோடு விழுந்தது. உப்புத்தாளோ ரப்பரோ வேண்டாம், முலாம் போய்விடும். கேமராப் பக்கத்து ஊசிகள் ஸ்பிரிங்கில் நிற்பவை, பக்கத்திலேயே சென்சார் இருக்கிறது. அங்கே கை வைக்காதீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு கோடுகள் வரவில்லை. ஜூலை 14 அன்று பதினொரு பேரை எடுத்தேன். பதினொரு வீட்டுக்கும் படம் போய்ச் சேர்ந்தது.

கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. லென்ஸைத் திறந்து பார்க்க வேண்டிய கோளாறுகள் உண்டு, அவர்களிடம்தான் போக வேண்டும். போகும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி எடுத்துப் போங்கள்: கேமராவைப் போட்டதும் நிற்கிறதா? வேறு லென்ஸ் மாட்டினாலும் வருகிறதா? எந்த நிலையில் வருகிறது? துண்டுச் சீட்டோடு வரும் கிழவனிடம் "போர்டு போச்சு" என்று சொல்ல யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.