ரோமானிய ஆயுதங்களில் எழுத்து: மெய்யும் போலியும்

ரோமானியப் படைவீரர்களின் ஆயுதங்களில் காணப்படும் எழுத்துகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். பொருள் யாருடையது என்று காட்டுவது ஒன்று. எந்தப் படைப்பிரிவுக்கு உரியது, யார் செய்தது என்று காட்டுவது இன்னொன்று. எதிரியை ஏசுவதும் அச்சுறுத்துவதும் மூன்றாவது. தலைக்கவசத்தின் கழுத்துப் பட்டையிலும் கேடயக் குமிழின் விளிம்பிலும் கூர்முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயர் எழுதினார்கள். வாளுறையின் பித்தளைத் தகட்டில் கைவினைஞர் தம் பெயரைப் பொறித்தார். கவண் குண்டுகளில் மட்டும் எழுத்து பெரும்பாலும் வார்ப்போடு சேர்ந்தே வந்தது. அச்சின் உட்புறத்தில் இடவலமாகத் திருப்பி வெட்டிய எழுத்து, ஈயத்தை ஊற்றியதும் குண்டின் மேல் புடைத்து நின்றது.

இணையச் சந்தையில் இத்தகைய பொருள் ஒன்றை மதிப்பிட வருபவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். ஆயுதம் பழையதா என்பது முதல் கேள்வி. எழுத்து பழையதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை இரண்டாவதற்குச் செல்லாது. எழுத்தில்லாத கவண் குண்டு மலிவாகக் கிடைக்கும். எழுத்துள்ளதன் விலை பல மடங்கு. ஆகவே பழைய பொருளில் புதிய எழுத்தை வெட்டுவதுதான் போலி செய்பவருக்கு எளிதும் ஆதாயமுமான வழி.

இதற்குச் சான்றாக நிற்பது இத்தாலியின் அஸ்குலம் நகரத்துக் குண்டுகளின் கதை. கி.மு. 90-89இல், இத்தாலிய நேசநாடுகளின் போரின்போது, ரோமானியத் தளபதி பாம்பேயுஸ் ஸ்ட்ராபோவின் படை அந்நகரை முற்றுகையிட்டது. அவனைக் குறிவைக்கச் சொல்லும் சொற்கள் பொறித்த குண்டுகள் அங்கே உண்மையாகவே கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே வட்டாரத்திலிருந்து புதுப்புது வாசகங்களோடு ஏராளமான குண்டுகள் சந்தைக்கு வந்தன. பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் டெஜார்தான் அவற்றை மெய்யென்று நம்பி வெளியிட்டார். ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் கார்ல் சாங்கெமைஸ்டர் 1885இல் வெளியிட்ட தொகுப்பில் அவற்றில் மிகப் பலவற்றைப் போலி என்று ஒதுக்கினார். எழுத்தில்லாத உண்மையான பழங்குண்டுகளையே எடுத்துப் புதிதாக எழுத்து வெட்டியிருந்தார்கள். ஈயத்தைச் சோதித்தால் பழமை என்றே தெரியும். பொய் எழுத்தில்தான் இருந்தது.

இணையத்தில் வாங்குபவர் கையில் முதலில் இருப்பது நிழற்படம் மட்டுமே. அளவுகோல் வைத்து எடுத்த படம், துல்லியமான எடை, பின்பக்கப் படம், எழுத்தின் மீது பக்கவாட்டில் ஒளி சாய்ந்து விழும் படம் ஆகிய நான்கையும் கேட்டுப் பெறுவது முதல் வேலை. சாய்ந்த ஒளியில் எழுத்தின் ஓரம் தெளிவாகத் தெரியும். வார்ப்பில் எழுந்த எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும்; குண்டு இலக்கில் மோதி நசுங்கிய இடத்தில் எழுத்தும் சேர்ந்து நசுங்கியிருக்கும். நசுங்கலுக்கு மேல் எழுத்து தெளிவாக ஓடினால், அடி விழுந்த பிறகுதான் அது வெட்டப்பட்டது. விற்று முடிந்த பழைய பட்டியல்களையும் தேடிப் பார்க்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்த உண்மையான குண்டுகள் பல உண்டு. ஆனால் வார்த்த பிறகு விழுந்த ஒரே கீறலும் ஒரே பள்ளமும் இரண்டு குண்டுகளில் ஒரே இடத்தில் இருந்தால், ஒன்றிலிருந்து அச்செடுத்து மற்றதை, அல்லது இரண்டையுமே, நகல் வார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது எழுத்தும் மொழியும். அக்கால லத்தீனில் ஜே, யூ, டபிள்யூ என்ற இன்றைய வடிவங்கள் இல்லை; ‘உ’ ஒலிக்கும் ‘வ’ ஒலிக்கும் ஒரே எழுத்துதான். எண்களிலும் இன்றைய பள்ளிப் பாட முறை அப்படியே வராது. நான்கை நான்கு கோடுகளாக எழுதுவது படைப்பிரிவுகளில் வழக்கம். கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டுப் போரில் மாண்ட மார்க்குஸ் கேலியுஸின் நினைவுக்கல் பான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவன் படைப்பிரிவின் எண்ணான பதினெட்டு என்பது பத்தின் குறி, இரண்டு கோடு, மீண்டும் பத்தின் குறி என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய பாட முறைக்கு இது பிழை. அன்றைய கைக்கு இயல்பு.

வாசகத்தின் தன்மையும் பேசும். உண்மைப் பொறிப்புகளில் பெரும்பாலானவை எளியவை, சுருங்கியவை. 1867இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கேடயக் குமிழை எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் அகஸ்டா படைப்பிரிவின் பெயர் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. விளிம்பிலோ, யூலியுஸ் மாக்னுஸின் நூற்றுவர் குழுவைச் சேர்ந்த யூனியுஸ் துபிதாதுஸ் என்று வெறும் புள்ளிகளால் குத்தப்பட்டிருக்கிறது. வரலாற்றில் அறியப்படாத ஒரு வீரன் தன் கேடயத்துக்கு இட்ட அடையாளம் அது. பேரரசர் பெயர் தாங்கிய பொருள்களும் உண்டு. 1848இல் மைன்ஸில் கிடைத்த, ‘திபேரியுஸின் வாள்’ என்று அழைக்கப்படும் வாள் அவற்றில் ஒன்று. அங்கும் எழுத்து உறையின் தகட்டில்தான் உள்ளது. புகழ்பெற்ற தளபதியின் பெயரும் படைப்பிரிவின் எண்ணும் வாளின் இரும்பு அலகிலேயே ஆழமாக வெட்டப்பட்டிருந்தால் பலத்த ஐயம் கொள்ள வேண்டும்.

லத்தீன் கல்வெட்டுத் தொகுதிகளோடும் இணையத் தரவுத்தளங்களோடும் வாசகத்தை ஒப்பிடுவது இன்றியமையாதது. அச்சேறிய வாசகம் ஒன்று அப்படியே திரும்ப வந்தால் அது ஆதரவாகவும் இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம். பழைய நூலில் தவறாக வரைந்த எழுத்து பொருளிலும் அதே தவறோடு இருந்தால், எழுதியவர் பார்த்தது அந்த நூலைத்தான்.

மூன்றாவது உலோகம். வெண்கலத்திலும் பித்தளையிலும் களிம்பு உள்ளிருந்து வளர்கிறது. உலோகத்தை ஒட்டிச் சிவந்த படலம், அதன்மேல் பச்சை என்று அடுக்கு அமைந்திருக்கும். உருப்பெருக்கியில் பார்க்கும்போது அந்த அடுக்கு புள்ளியின் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தொடர வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் களிம்பு அறுந்து நின்றாலோ, உள்ளே மண்ணும் பசையும் மட்டும் அப்பியிருந்தாலோ எழுத்து புதியது. அசிட்டோன் தோய்த்த பஞ்சில் பச்சை நிறம் இறங்கினால் அது களிம்பே அல்ல, சாயம்.

ரோமானியர் பித்தளையைத் துத்தநாகத் தாதுவோடு செம்பைச் சூடாக்கிச் செய்தார்கள். அம்முறையில் துத்தநாகம் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. 35, 40 சதவீதம் காட்டும் தகடு பிற்காலத்தது. இரும்பில், பழைய உலை இரும்புக்குள் கசடு நீண்ட இழைகளாகக் கிடக்கும். இன்றைய எஃகில் அது இராது, மாங்கனீசு சீராகக் கலந்திருக்கும். ஈயத்துக்குக் கதிரியக்கச் சோதனை உண்டு. தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுத்த ஈயத்தில் ஈயம்-210 இருக்கும். அதன் அரைவாழ்வு சுமார் 22 ஆண்டு. இரண்டாயிரம் ஆண்டில் அது முற்றிலும் அற்றுப்போகும். ஆயினும் பழைய ஈயக் குழாயை உருக்கிச் செய்த போலியும், அஸ்குலத்தைப் போலப் பழங்குண்டில் வெட்டிய புதிய எழுத்தும் இச்சோதனையில் தேறிவிடும். உலோகச் சோதனை போலியைக் காட்டிக்கொடுக்கலாம். எழுத்து மெய்யென்று அது ஒருபோதும் சொல்லாது.

இறுதியானதும் முதன்மையானதும் பொருள் வந்த வழி. ஓபர்அம்மெர்காவுக்கு அருகில் கிடைத்த, பத்தொன்பதாம் படைப்பிரிவின் முத்திரை பதித்த எறிபொறி அம்புமுனை, டியூட்டோபர்க்கில் அழிந்த அப்படை முன்பு ஆல்ப்ஸ் போரில் ஈடுபட்டதைக் காட்டுகிறது. அதே முனை ஊர் பேர் தெரியாமல் ஏலத்துக்கு வந்திருந்தால் அது சொல்லக்கூடியது மிகக் குறைவு. ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பு’ என்ற சொற்றொடர் சான்று ஆகாது. விற்பவரே எழுதித் தரும் உண்மைச் சான்றிதழும் சான்று ஆகாது. பெயரும் ஆண்டும் உள்ள பழைய ரசீது, அச்சிட்ட ஏலப்பட்டியல், நாளிட்ட நிழற்படம், ஏற்றுமதி அனுமதி ஆகியவையே சான்று. கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இல் உருவானதால், அந்த ஆண்டுக்கு முன்பே பொருள் வெளியில் இருந்ததற்கான ஆவணம் இன்று பரவலாகக் கேட்கப்படுகிறது. இத்தாலியின் தொல்பொருள் சட்டமோ 1909ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆவணமில்லாத மெய்ப்பொருள், களவாகத் தோண்டியதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. அதை வாங்குவது அடுத்த குழிக்குக் கூலி கொடுப்பதாகும்.

மதிப்பீட்டை எழுதும்போது ஆயுதத்துக்கும் எழுத்துக்கும் தனித்தனித் தீர்ப்பு தர வேண்டும். ‘குண்டு பழையது, எழுத்து பிற்காலத்தது’ என்பது முழுமையான தீர்ப்பு. ‘நிழற்படத்தைக் கொண்டு முடிவு சொல்ல இயலாது’ என்பதும் நேர்மையான தீர்ப்பே. எழுத்து மெய்யென்று நிறுவும் பொறுப்பு விற்பவருடையது. அது நிறுவப்படாதவரை வாங்காமல் இருப்பதே வாங்குபவர் செய்யக்கூடிய சரியான செயல்.