பதில் எழுதாத மெமோ

பிள்ளைகளே, வேலைக்குச் சேரும் அன்று சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள் என்றுதான் நம் கண் தேடும். அது இயல்பு. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் வேலை விதிகளில் உள்ள ஒழுங்கு நடவடிக்கைப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். கோவை மில்களில் தொழிற்சங்கத்தின் சார்பில், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாக உள்விசாரணைகளில் உட்கார்ந்தே ஆயுளில் பாதியைக் கழித்தவன் சொல்கிறேன்.

1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வகுத்த மாதிரி நிலையாணைகளைப் பின்பற்றித்தான் என் காலத்து ஆலைகள் பலவும் தம் விதிகளை அமைத்துக்கொண்டன. திருட்டு, லஞ்சம், வேண்டுமென்றே பொருளைச் சேதப்படுத்துதல் ஆகியவற்றை ஒருமுறை செய்தாலே வேலை போகலாம் என்பது அன்றைய விதி. தாமதமாக வருவதும் வேலையில் அசட்டையும் அப்படியல்ல. வாடிக்கையாகிப் போனால்தான் பெருங்குற்றம். சொல்லாமல் லீவு போடுவதும் அதே கணக்குத்தான். ஆனால் ஒரே தடவையில் பத்து நாளைத் தாண்டினால் அந்த ஒன்றே போதும். மாதச் சம்பளத்தில் 2 சதவீத அபராதத்தோடு முடியும் சில்லறைத் தவறும், அடிக்கடி நடந்தால் பெருங்குற்றமாகிவிடும். மனிதன் ஒருநாள் தவறுவான் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது. அந்தக் கருணையை நான் எப்போதும் பெரிதாக மதித்திருக்கிறேன்.

ஸ்பின்னிங்கில் ஒரு பையன் இருந்தான். கெட்டிக்கார வேலைக்காரன். காலை ஷிப்டுக்கு மட்டும் நேரத்துக்கு வரமாட்டான். மெமோ கொடுத்தால் கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். “அதான் வாங்கியாச்சுங்களே, அப்புறம் என்னங்க?” என்பான். கடைசியில் வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் அத்தனை மெமோவும் வரிசையாக இருந்தன. அவன் ஊருக்கு முதல் பஸ் வருவதற்கே ஷிப்ட் நேரம் ஆகிவிடும். அது உண்மைதான். ஆனால் அதை அவன் முதன்முதலாகச் சொன்னது விசாரணை மேசையில். உரிய நாளில் சொல்லாத உண்மை, பிந்திச் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

அதே மில்லில் கோன் வைண்டிங்கில் ஓர் அம்மா. கணவருக்கு ஓயாத நோய். அடிக்கடி வேலைக்கு வர முடியாது. ஒவ்வொரு மெமோவுக்கும் மகளை விட்டுப் பதில் எழுதச் சொல்வார். ஆஸ்பத்திரிச் சீட்டை இணைத்து, நகலில் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்வார். வசவு கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். விசாரணை நாளில் அந்தக் காகிதங்களே அவருக்காகப் பேசின. தண்டனை கொடுக்கும் முன் குற்றத்தின் கடுமையையும், முந்தைய பதிவையும், நிலைமையையும் எடைபோட வேண்டும் என்றும் அதே நிலையாணை சொல்லியிருந்தது. சம்பள உயர்வை நிறுத்தியதோடு விட்டார்கள். அவர் ஓய்வு பெறும் வரை அங்கேயே வேலை செய்தார்.

பையனுக்கு வேலை போயிற்று. தொழில் தகராறு சட்டத்தில் 1971-இல் சேர்த்த 11ஏ பிரிவு, தண்டனை அளவுக்கு மீறியதென்றால் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தந்திருந்தது. பல வருடம் வாய்தாவுக்கு அலைந்து வேலையைத் திரும்பப் பெற்றான். இடைப்பட்ட காலச் சம்பளம் கிடைக்கவில்லை. அந்தப் பொறுமையில் கால்வாசியை மெமோ வந்த நாளிலேயே காட்டியிருக்கலாமே என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

உங்களில் சிலர் நாளை மேற்பார்வையாளர் ஆவீர்கள். அப்போது நினைவில் வைக்க ஒரு பாடம் உண்டு. ஒரு மேஸ்திரி, தன் ஆட்களின் தவறுகளையெல்லாம் சின்ன நோட்டில் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் கோபத்தில் அந்த நோட்டை நீட்டி, ஒருவரை வேலையை விட்டு நீக்கச் சொன்னார். மைசூர் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 1963-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பழைய குறைகளை வைத்துத் தண்டிப்பதானால், அவற்றை அவரிடம் முன்பே தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதைத்தான் விசாரணையில் எடுத்து வைத்தோம். நோட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைய ஒரு தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுத்து, அவரை மறுநாள் ஷிப்டுக்கு வரச் சொன்னார்கள்.