பிராண்டிவைன் கரையில் ஒரு சிட்டிகை மருந்து

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஒரு மான்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. தோட்டா போடும் துப்பாக்கிக்கு அதில் இடமில்லை. குழலின் வாய்வழியாக மருந்து கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் பழைய துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. 1974-இல் வந்த ஏற்பாடு இது. இன்றும் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கனத்த நீளக் குழலைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்காட்டுக்குள் நடக்கிறார்கள்.

மகளைப் பார்க்கப் போன இடத்தில் இதைக் கேள்விப்பட்டு வியந்துபோனேன். மலேசியாவில் எங்கள் ஈஜோக் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு வருவார். போலீஸ் உரிமம், வனவிலங்கு இலாகா அனுமதி, கணக்குப் பார்த்து வாங்கிய தோட்டாக்கள். நான் அறிந்த வேட்டை அதுதான். தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எங்கிருந்து வந்தது, எப்படி எரிகிறது என்று தோட்டத்தில் யாரும் யோசித்ததாக நினைவில்லை.

மகள் வீட்டுக்கு அடுத்த பண்ணையில் இருக்கும் பெரியவர் ஆண்டுக்கணக்காகக் கல்துப்பாக்கி பிடிப்பவர். மருந்து பார்க்க வேண்டும் என்றதும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த தனி அலமாரியைத் திறந்துவிட்டார். வரிசையாக டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரே எழுத்து, எஃப். ஒன்றில் ஒரு முறை, இன்னொன்றில் இரண்டு, மூன்று, நான்கு முறை. எழுத்து கூடக் கூட மணி பொடியாகிறது. ஒற்றை எஃப் பீரங்கிக்கும் பெருங்குழலுக்கும். இரண்டும் மூன்றும் வேட்டைத் துப்பாக்கிக் குழலுக்குள் கெட்டிப்பதற்கு. குழல் பெரிதென்றால் இரண்டு, சிறிதென்றால் மூன்று. நான்கு எஃப் உள்ளது ஏறக்குறைய மாவு. குழலுக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை இடுவதற்கு அது.

அந்தச் சிட்டிகையில்தான் எல்லாம் இருக்கிறது. கல் எஃகுத் தகட்டில் மோதும்போது எஃகு நுண்துகளாகச் சீவப்பட்டுக் கனன்று கிண்ணத்தில் விழ வேண்டும். கிண்ணத்து மருந்து பற்ற வேண்டும். அந்தச் சுவாலை பக்கத் துளை வழியே பாய்ந்து உள்ளே இருக்கும் மருந்தைத் தொட வேண்டும். கிண்ணத்தை நிரப்பித் துளையை அடைத்துவிட்டால் மருந்து திரிபோல மெல்ல எரியும்; அதற்குள் குறி நகர்ந்துவிடும். அதனால் துளைக்குக் கீழே நிற்கும் அளவுக்குத்தான் பெரியவர் இடுகிறார். தப்பும் தவறுமாகக் கெட்டித்த துப்பாக்கி ‘சடக்… புஸ்… டும்’ என்று மூன்றாகப் பிரிந்து ஒலிக்கும். நல்ல மருந்து, சரியான அளவு என்றால் மூன்றும் ஒரே சத்தம்.

கடையில் கருமருந்துக்கு மாற்று என்று நவீனப் பொடிகள் கிடைக்கின்றன. அவை பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு வேண்டும். கல்லின் பொறி அதற்குப் போதாது. இந்தக் காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தோ பழங்குழலைப் பிளந்து ஆளையே கொன்றுவிடும். அந்தப் பேச்சு வந்தபோது பெரியவரின் முகம் இறுகியது. ஆகவே பழைய கருமருந்துதான்: 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம்.

கலவை ஒன்றென்றால் ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வேறுபாடு? பெரும்பாலும் கரி என்றார். சுவிட்சர்லாந்தின் ஓபோன் ஊரில் 1853 முதல் செய்துவரும் மருந்தை இறக்கிக் காட்டினார். இலேசான ஒரு புதர்மரத்தின் கரி அதில். வேகமாக எரிகிறது, குழலில் படியும் கசடும் மென்மையாக இருக்கிறது. எங்கள் பக்கம் உயர்ந்த கரி என்றால் கோலா செப்பெத்தாங் சூளைகளின் பக்காவ் மரக்கரி. கனமானது, அடுப்பில் நின்று எரிவது. அந்தக் குணமே மருந்துக்கு ஆகாதாம். இங்கே வில்லோ போன்ற இலேசான மரங்களைத்தான் தேடியிருக்கிறார்கள்.

நாங்கள் வயலில் இலக்கு வைத்துச் சுட்ட அன்று பனி உருகிக்கொண்டிருந்தது. ஒரு முறை சுட்டதும் கிண்ணத்தில் மிஞ்சிய கசடு, அடைமழைக் காலத்து உப்பு ஜாடிபோலக் கசிந்து கறுப்புக் குழம்பாகிவிட்டது. துடைத்து, புது மருந்து இட்டு, மேலே தோல் மூடி கட்டினார். இப்படிப்பட்ட நாளில் கிண்ணத்துக்கு நான்கு எஃப் வேண்டாம், மூன்றே போதும், பொடியானது ஈரத்தைச் சீக்கிரம் குடிக்கும் என்றார். மாலையில் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவினார். அன்றே கழுவாவிட்டால் துரு தின்றுவிடும். சிலாங்கூர் ஆற்றின் காற்றில் வளர்ந்த எனக்கு ஈரத்தோடு நடக்கும் இந்தப் போராட்டம் உடனே புரிந்தது.

மறுவாரம் மகள் என்னை டெலவேருக்கு, பிராண்டிவைன் ஆற்றங்கரையிலுள்ள ஹேக்லி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். எலூதேர் இரெனே டூபான் 1802-இல் தொடங்கிய மருந்து ஆலைகள் இருந்த இடம். வேதியியல் மேதை லவாய்சியேயிடம் பிரான்சில் தொழில் கற்றவர் அவர். அமெரிக்காவுக்கு வந்த புதிதில் வேட்டைக்குப் போய், உள்ளூர் மருந்தின் மட்டமான தரத்தையும் அதிக விலையையும் கண்டுதான் ஆலை வைக்க முடிவு செய்தார் என்று அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள்.

ஆலைக் கட்டடங்களைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. மூன்று பக்கமும் கோட்டைபோலத் தடித்த கற்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் இலேசான மரத் தடுப்பு, சாய்ந்த இலேசான கூரை. வெடித்தால் வெடிப்பின் வேகம் மற்ற ஆலைகளைத் தாக்காமல் ஆற்றின் மேல் போகட்டும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நின்றவனும் அந்த வழியாகவே போனான். “ஆற்றுக்கு அக்கரை போய்விட்டான்” என்பார்களாம். 1921-இல் ஆலை மூடும்வரை இருநூறுக்கும் மேற்பட்டோர் அப்படிப் போயிருக்கிறார்கள். அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் நிறையப் பேர். மேட்டில் அவர்களுக்குக் கம்பெனி வீடுகள், கம்பெனி கட்டிக்கொடுத்த பள்ளி. செருப்பில் இரும்பாணி கூடாது, தீப்பெட்டி கூடாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது.

இந்த ஆலைக்கு வெடியுப்பு வந்தது இந்தியாவிலிருந்து. பீகார் கிராமங்களில் மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணைச் சுரண்டி, நீர்விட்டு வடித்துக் காய்ச்சி உப்பெடுத்தவர்கள் நூனியா என்னும் சாதியார். பாட்னாவில் அதை வாங்க டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் போட்டிபோட்டார்கள். பிளாசிப் போருக்குப் பிறகு ஏகபோகம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதே டச்சுக்காரரின் படை 1784-இல் எங்கள் கோலா சிலாங்கூரைப் பிடித்துப் புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டதும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அவர்களை விரட்டியதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த கதை. அந்தக் குன்றின் பீரங்கிகளைத் தொட்டு விளையாடியவன் நான். ஏகபோகம் ஆங்கிலேயரிடம் போகும் முன் டச்சுக் கம்பெனி வங்காளத்திலிருந்து ஏற்றிய பெருஞ்சரக்குகளில் ஒன்று இதே உப்பு.

டூபான் குடும்பத்து லாமோட் 1857-இல் தென்னமெரிக்காவின் மலிவான சோடிய நைட்ரேட்டில் மருந்து செய்யும் வழி கண்டார். சுரங்கத்துக்கு அது போதும். துப்பாக்கிக்கு ஆகவில்லை, அது ஈரத்தை இழுக்கும். எனவே 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அதே லாமோட் லண்டனுக்கு ஓடி, கையிருப்பில் இருந்த இந்திய வெடியுப்பை வாங்கிக் குவித்தார். அமெரிக்காவோடு தகராறு முற்றியதால் பிரிட்டன் சரக்கைத் தடுத்தது. தகராறு தீர்ந்த பிறகே கப்பல்கள் புறப்பட்டன. லிங்கனின் படைக்கு மருந்து கிடைக்குமா என்பது பீகார் மண்ணைச் சுரண்டியவர்களின் உழைப்பைப் பொறுத்திருந்தது.

திரும்பி வந்து பெரியவரிடம் இதைச் சொன்னேன். நாற்பது ஆண்டு மருந்து கெட்டித்தவர், நூனியா என்ற பெயரை அன்றுதான் கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். வேறு நாட்டு உப்பு மலிவாக வந்ததும் அந்தத் தொழில் நொடித்தது, பலர் மண்வெட்டி எடுத்துக் குளமும் சாலையும் வெட்டும் கூலிகளானார்கள் என்றேன்.